டிடிசி: ‘இறந்த’ புள்ளி ஒன்றின் வரலாறு

காரின் டைமிங் பெல்ட்டை மாற்ற முற்படும் மெக்கானிக் பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பு முதல் சிலிண்டரை ‘டிடிசி’க்குக் கொண்டுவருவார். பிஸ்டன் தன் ஓட்டத்தின் உச்சியைத் தொட்டுவிட்டு, மேலும் ஏற வழியின்றி, இறங்கவும் தொடங்காமல் நிற்கும் நிலை அது. தில்லி, புணே, கோயம்புத்தூர் என்று ஊருக்கு ஊர் பட்டறையின் மொழி மாறினாலும் இந்த மூன்றெழுத்துச் சுருக்கம் மாறுவதில்லை. முதலெழுத்து ‘டாப்’, கடைசி எழுத்து ‘சென்டர்’. இவ்விரண்டும் விளக்கம் வேண்டாதவை. நடுவில் நிற்கும் ‘டெட்’ என்பதைப் பற்றியதே இந்தப் பதிவு. ஒரு புள்ளி எப்படி இறக்கும்?

ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு ஒரு விடை உடனே தோன்றும். அம்மொழியில் ‘டெட்’ என்பதற்குச் சாவோடு தொடர்பில்லாத ‘மிகச் சரியாக’ என்ற பொருளும் உண்டு. குறிபார்த்து எறிந்த அம்பு இலக்கின் நட்டநடுவில் தைத்தால் அதையும் ‘டெட் சென்டர்’ என்றே சொல்வர். எனவே டிடிசி என்பது ‘மிகச் சரியான மேல் மையம்’ என்று கொள்ளத் தோன்றுவது இயல்பே. ஆனால் பிற மொழிகளை அருகில் வைத்துப் பார்த்தால் இவ்விளக்கம் நிற்காது. பிரெஞ்சில் இது ‘புவான் மோர்’, இத்தாலியத்தில் ‘புந்தோ மோர்த்தோ’, ஜெர்மனில் ‘டோட்புங்க்ட்’, ருஷ்யத்தில் ‘மியோர்த்வயா தோச்கா’. நான்குக்கும் பொருள் இறந்த புள்ளி என்பதே. பிரெஞ்சின் ‘மோர்’ என்ற சொல்லுக்கு ‘மிகச் சரியாக’ என்ற பொருள் கிடையாது. ஜப்பானியர் ‘ஜோஷிதென்’ என்கின்றனர். அதன் நடு எழுத்து சாவைக் குறிக்கும் எழுத்தேதான். பெயரிட்டவர்கள் உண்மையாகவே எதையோ செத்ததாகக் கண்டிருக்கின்றனர். அவர்கள் கண்டது கார் எஞ்சினில் அன்று; அதற்கு நூறாண்டுக்கு முற்பட்ட நீராவி எஞ்சினில்.

அதைப் புரிந்துகொள்ள நீராவி எஞ்சினைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் போதும். மிதிபலகையிலிருந்து மேலே செல்லும் கம்பி ஒரு சக்கரத்தின் கிராங்கோடு இணைந்திருக்கிறது. கம்பியும் கிராங்கின் கையும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றுவிட்டால் எவ்வளவு வலுவாக மிதித்தாலும் சக்கரம் சுழலாது. மிதியின் விசை முழுவதும் நேரே அச்சின் நடுவுக்குப் போய்ச் சேர்கிறது. சுழற்றுவதற்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. தையற்காரர் கையால் மேற்சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டி அந்த இடத்தைக் கடத்திவிடுகிறார். தட்டுவது எந்தத் திசையில் என்பதும் முக்கியம். அந்தப் புள்ளிக்கு முன்னும் பின்னும் ஒன்றே. திசை தவறினால் இயந்திரம் பின்னோக்கி ஓடி நூல் சிக்கிக்கொள்ளும். விசை குறைவதனால் வரும் முடக்கம் இல்லை இது. விசை முழுமையாக இருந்தும் அது இயக்கமாக மாறாத முடக்கம். ‘இறந்த’ என்று பெயரிட்டோர் கண்டது இதைத்தான்.

1712இல் நியூகொமன் அமைத்த எஞ்சினில் இந்தச் சிக்கல் எழவில்லை. அது சுரங்க நீரை இறைக்க மேலும் கீழும் ஆடிய உத்தரம்; அதில் எதுவும் சுழலவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆலைகளை ஓட்டச் சுழற்சி தேவைப்பட்டபோதுதான் கிராங்க் வந்தது. கிராங்கோடு இறந்த புள்ளியும் வந்தது. நீராவி எஞ்சினில் கிராங்கைப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்குப் பர்மிங்காமைச் சேர்ந்த ஜேம்ஸ் பிக்கார்டு 1780இல் காப்புரிமை பெற்றார். ஜேம்ஸ் வாட் அதைச் சுற்றிக்கொண்டு செல்ல, 1781இல் தம் காப்புரிமையில் சுழற்சிக்கான வேறு ஐந்து வழிகளைப் பதிந்தார். அவற்றுள் நிலைத்தது ‘சூரியனும் கோளும்’ எனப்பட்ட பற்சக்கர ஏற்பாடு. அதை வகுத்தவர் வாட்டின் பணியாளர் வில்லியம் மர்டாக் என்பதே பரவலான கருத்து. தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் இந்தக் காப்புரிமைச் சண்டையை விரிவாகச் சொல்லும். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு: வாட்டின் ஏற்பாடும் இறந்த புள்ளியிலிருந்து தப்பவில்லை. காப்புரிமையைச் சுற்றிக்கொண்டு செல்லலாம். வடிவியலைச் சுற்றிக்கொண்டு செல்ல இயலாது. இருவருக்கும் மீட்பாக இருந்தது ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம். ஏற்கெனவே பெற்ற வேகத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டு, விசை உதவாத அந்தக் கணத்தை அது கடத்திவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு ஃப்ளைவீல் உதவும். நின்றுபோன எஞ்சினுக்கு? ஒற்றைச் சிலிண்டர் ஆலை எஞ்சின் இறந்த புள்ளியில் நின்றுவிட்டால், பணியாளர்கள் கடப்பாரையை ஃப்ளைவீலில் கோத்து நெம்பி அதை நகர்த்திய பிறகே நீராவியைத் திறந்தனர். இரயில் எஞ்சினை ஒவ்வொரு நிலையத்திலும் அப்படி நெம்பிக்கொண்டிருக்க இயலாது. அதனால் இரண்டு சிலிண்டர்களை வைத்து, அவற்றின் கிராங்குகளை ஒன்றுக்கொன்று 90 பாகை தள்ளிப் பொருத்தினர். ஒன்று இறந்த புள்ளியில் நிற்கும்போது மற்றொன்று தன் முழு வலுவில் இருக்கும்.

ருஷ்ய மொழியில் நெடுநாள் தேங்கிக் கிடந்த பேச்சுவார்த்தையோ பணியோ நகரத் தொடங்கினால் ‘இறந்த புள்ளியிலிருந்து அசைந்தது’ என்பது இன்றும் அன்றாட வழக்கு. பேசுவோர் எவருக்கும் நீராவி எஞ்சின் நினைவில் இருக்காது. ஆனால் கடப்பாரையோடு நின்ற அந்தப் பணியாளரின் அனுபவம் அத்தொடருக்குள் அப்படியே இருக்கிறது. பிரெஞ்சிலும் முடங்கிய விவகாரம் ‘புவான் மோரில்’ நிற்கிறது என்பர். அதே சொல் காரின் கியர் ‘நியூட்ரல்’ நிலைக்கும் பெயராகிவிட்டது. ஜெர்மனில் உடலோ மனமோ சோர்ந்து மேற்செல்ல இயலாத நிலை ‘டோட்டர் புங்க்ட்’. ஆங்கிலத்தில் மட்டும் ‘மிகச் சரியான நடு’ என்ற பொருள் குறுக்கிட்டு, இச்சொல்லின் பிறப்பை மறைத்துவிட்டது என்பது என் கணிப்பு.

நீராவிக் காலத்தில் இறந்த புள்ளி ஒரு குறை, தவிர்க்கவேண்டிய இடம். உள்ளெரி எஞ்சின் வந்தபோது அதே புள்ளி எல்லாவற்றையும் அளக்கும் தொடக்கப் புள்ளியாயிற்று. இந்தத் திருப்பத்தை 1862இல் பிரெஞ்சுப் பொறியாளர் அல்போன்ஸ் போ த ரோஷா நான்கு ஓட்டச் சுழற்சியை விவரித்து வெளியிட்ட எழுத்திலேயே காணலாம். உறிஞ்சல், அமுக்கம் ஆகிய இரண்டு ஓட்டங்களுக்குப் பிறகு, எரியூட்டல் இறந்த புள்ளியில் நிகழவேண்டும் என்று அவர் வகுத்தார். நீராவி எஞ்சினில் எதுவும் நடவாத இடம் என்று பெயர்பெற்ற புள்ளியில்தான், இங்கே எல்லாம் தொடங்குகிறது. அவர் எஞ்சின் எதையும் கட்டவில்லை. 1876இல் கட்டி ஓட்டிக்காட்டியவர் நிகோலஸ் ஓட்டோ. ஆனால் ஓட்டோவின் ஜெர்மன் காப்புரிமை 1886இல் செல்லாததாக்கப்பட்டபோது, அதற்குக் காரணமாக அமைந்தது இந்த எழுத்தே. எரிதலுக்கும் நேரம் பிடிக்கும் என்பதால் பொறியைச் சில பாகைகள் முன்னதாகவே எழுப்பவேண்டும் என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்த ‘முன்னதாக’ என்பதும் இறந்த புள்ளியிலிருந்தே அளக்கப்படுகிறது. வால்வு திறப்பதும் மூடுவதும் அவ்வாறே. எஞ்சினின் கால அட்டவணைக்கு அதுவே பூச்சியம்.

பூச்சியம் எங்கே என்று தெரியாமல் அளக்க இயலாது. இங்கே ஒரு முரண் எழுகிறது. மாருதி 800இன் எஞ்சினை எடுத்துக்கொள்வோம்: மூன்று சிலிண்டர், 796 சிசி, பிஸ்டனின் ஓட்டம் 72 மில்லிமீட்டர். ஓட்டத்தின் நடுப்பகுதியில் கிராங்க் ஒரு பாகை திரும்பினால் பிஸ்டன் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் நகரும். உச்சியில் அதே ஒரு பாகைக்கு நகர்வது 0.01 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐந்து பாகை தவறியிருந்தாலும் பிஸ்டன் கால் மில்லிமீட்டர்கூட இறங்கியிராது. கண்ணுக்கும் கைக்கும் அது ‘உச்சியில்தான் நிற்கிறது’. ஸ்பார்க் பிளக் துளை வழியாக நீளமான ஸ்குரூடிரைவரை விட்டு, அது ஏறி நிற்கும் இடத்தைப் பார்த்து டிடிசி என்று முடிவு செய்யும் பழக்கம் பரவலாக உள்ளது. எந்தத் திருப்பத்தில் உச்சி என்று அறிய அது போதும். உச்சியின் சரியான இடத்தை அதனால் அறிய இயலாது. நகர்ச்சி செத்துக்கிடக்கும் இடத்தை நகர்ச்சியைக் கொண்டு தேடுவது எப்படி?

விடையை இரயில் பட்டறைகளின் பிட்டர்கள் முன்பே கண்டிருந்தனர். நீராவி எஞ்சினின் வால்வுகளை அமைக்க இறந்த புள்ளி துல்லியமாகத் தெரியவேண்டும். அவர்கள் புள்ளியை நேரடியாகத் தேடவில்லை. பிஸ்டன் தண்டின் முனையிலுள்ள குறுக்குத்தலை ஓட்டத்தின் முடிவை நெருங்கும்போது, முடிவுக்குச் சற்று முன்னதாகவே நிறுத்தி, அது நிற்கும் இடத்தை வழிகாட்டிச் சட்டத்தில் கீறிக்கொள்வர். அதே நேரத்தில், அசையாத ஓர் இடத்திலிருந்து கூர்முனைக் கம்பியால் சக்கரத்தின் விளிம்பிலும் ஒரு கீறல் இடுவர். பிறகு சக்கரத்தைத் தொடர்ந்து திருப்புவர். குறுக்குத்தலை முடிவைத் தொட்டுத் திரும்பி வந்து மறுபடி அதே கீறலில் நிற்கும்போது சக்கரத்தில் இரண்டாவது கீறல். இரண்டு கீறல்களுக்கும் நட்டநடுவே இறந்த புள்ளி. புள்ளிக்கு இருபுறமும் பிஸ்டன் நன்றாக நகரும் இடங்களில் அளந்துகொண்டு, நகராத இடத்தைக் கணக்கால் பெறும் வழி இது. மூட்டுகளிலுள்ள தளர்வு அளவைக் கெடுக்காதிருக்க, ஒவ்வொரு குறிக்கும் சக்கரத்தை ஒரே திசையிலிருந்து கொண்டுவரவேண்டும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். 1862இல் ஜமால்பூரில் இரயில் பட்டறை தொடங்கியது. 1895இல் அஜ்மீர்ப் பட்டறை முழு எஞ்சினையே கட்டியது. வால்வு அமைப்பது இத்தகைய பட்டறைகளின் வழக்கமான பணிகளுள் ஒன்று.

இன்று கார் எஞ்சினுக்குத் துல்லியமான டிடிசி வேண்டுவோர் செய்வதும் இதையே. ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு தடுப்பைத் திருகிவிடுவர். கிராங்கைக் கையால் மெல்லத் திருப்ப, பிஸ்டன் உச்சிக்கு முன்பே தடுப்பில் முட்டும். அங்கே பாகைத் தட்டில் ஒரு குறி. எதிர்த்திசையில் திருப்பினால் மறுபுறமிருந்து முட்டும். அங்கே இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவே டிடிசி. நூறாண்டுக்கு மேற்பட்ட இந்த முறையோடு எந்தக் கண்டுபிடிப்பாளரின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. பிக்கார்டும் வாட்டும் கிராங்குக்காக மோதிக்கொண்டதைச் சொல்லும் வரலாறு, அந்தக் கிராங்கின் மிக முக்கியமான புள்ளியை எப்படிக் கண்டறிவது என்று வகுத்துத் தந்தவர்களைப் பதிவு செய்யாமல் போனதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

இனி பெல்ட். கிராங்கின் சுழற்சியை வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்குக் கொண்டுசெல்ல முன்பு பற்சக்கரமோ சங்கிலியோதான் இருந்தது. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினிலும் பிரீமியர் பத்மினியின் எஞ்சினிலும் கேம் தண்டு கீழே, கிராங்குக்கு அருகிலேயே கிடந்தது. இடையில் குறுகிய சங்கிலி. அதை ஒருமுறை குறி பொருத்தி மாட்டிவிட்டால், எஞ்சினை முழுதாகப் பிரிக்கும் நாள் வரை மறந்துவிடலாம். பற்கள் உள்ள இரப்பர் பெல்ட் 1940களில் அமெரிக்காவில் உருவானது. அதன் முதற்பயன் தையல் இயந்திரத்தில், ஊசியும் கீழ்நூல் உருளையும் கணம் பிசகாமல் ஒத்துச் சுழல்வதற்காக. இறந்த புள்ளியை விளக்க மேலே நான் துணைக்கழைத்த அதே தையல் இயந்திரம் இங்கேயும் வந்து நிற்பது தற்செயல்தான். ஆனாலும் சுவையான தற்செயல். பெருமளவில் உற்பத்தியான காரில் இப்பெல்ட்டை முதலில் பொருத்தியது பவேரியாவின் டிங்கோல்பிங்கிலிருந்த கிளாஸ் என்ற சிறு நிறுவனம். வேளாண் கருவிகளிலிருந்து ஸ்கூட்டருக்கும் காருக்கும் வந்தவர்கள் அவர்கள். 1962இல் அவர்களது 1004 மாதிரி விற்பனைக்கு வந்தது. 1966இல் அந்நிறுவனத்தை பி.எம்.டபிள்யூ வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் ஃபியட்டும் அமெரிக்காவின் பான்டியாக்கும் பெல்ட்டுக்கு வந்திருந்தன.

இந்தியச் சாலைகளுக்குப் பெல்ட்டைப் பரவலாகக் கொண்டுவந்தது 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800. கேம் தண்டு சிலிண்டர்களின் தலைக்கு ஏறிவிட்டது. இடையில் நீண்ட பெல்ட். சத்தம் குறைவு, எடை குறைவு, எண்ணெய் வேண்டாம். ஆனால் இரப்பர் முதுமையடையும். பல எஞ்சின்களில் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் அதை மாற்றியே தீரவேண்டும். எஞ்சினின் பூச்சியத்தைத் தேடும் வேலை இதனால் இடம் மாறிற்று. எஞ்சின் கட்டுவோரும் அதை முழுதாகப் பிரிப்போரும் மட்டும் அறிந்திருந்த ஒன்று, சாலையோரப் பட்டறையின் பருவப் பணியாயிற்று.

அங்கே தவறு என்ன விலை கேட்கும் என்பதையும் சொல்லவேண்டும். கிராங்கின் பற்சக்கரத்தில் 20 பற்கள் இருப்பதாகக் கொண்டால், பெல்ட் ஒரு பல் தவறி உட்கார்ந்தாலே கேம் தண்டின் கணக்கு கிராங்கின் 18 பாகை பிசகிவிடும். வண்டி ஓடலாம், வலுவிழந்து, எரிபொருளைக் குடித்துக்கொண்டு ஓடும். பல எஞ்சின்களில் வால்வு இறங்கும் இடமும் பிஸ்டன் ஏறும் இடமும் ஒன்றே. வெவ்வேறு கணங்களில் அவை அந்த இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பெல்ட் அறுந்தாலோ பல பற்கள் தவறினாலோ அந்தப் பகிர்வு குலைந்து, வால்வு வளைந்துவிடும். பெல்ட்டைக் கழற்றிய நிலையில் கேம் தண்டையோ கிராங்கையோ தனியே திருப்புவதிலும் இதே ஆபத்து உண்டு. இதை எண்ணியே ரோவரின் கே வரிசை எஞ்சினில் பெல்ட் மாற்றும் நிலையை டிடிசிக்கு 90 பாகை முன்னதாக வைத்தனர். அங்கே பிஸ்டன்கள் எல்லாம் வால்வுகளுக்கு எட்டாத தொலைவில் நிற்கும்.

இன்னொரு சிக்கல் நான்கு ஓட்டச் சுழற்சிக்கே உரியது. கேம் தண்டு ஒருமுறை சுழலக் கிராங்க் இருமுறை சுழலவேண்டும். ஆகவே ஒவ்வொரு சுழற்சியிலும் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வருகிறது. ஒன்றில் இரு வால்வுகளும் மூடி, உள்ளே கலவை அமுங்கி எரியக் காத்திருக்கும். மற்றதில் புகை வெளியேறி முடிந்து, புதிய கலவைக்கு வழி திறந்துகொண்டிருக்கும். பிஸ்டனை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஒரே ஒலிவடிவில் இரண்டு சொற்கள் இருப்பதைப் போல, சூழலைக் கொண்டே பிரித்தறியவேண்டும். பட்டறையில் அதற்குரிய கருவி கட்டைவிரல்: பிளக் துளையை விரலால் அடைத்துக்கொண்டு கிராங்கைத் திருப்பினால், அமுக்க ஓட்டத்தில் காற்று விரலைத் தள்ளும். விரலைத் தள்ளிய பிறகு வரும் உச்சியே வேண்டிய உச்சி. புதிய பெல்ட்டை மாட்டியபின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும் இந்த இரட்டைக் கணக்கினால்தான்.

இவ்வளவு தேடல் எதற்கு, தொழிற்சாலையே குறி பொறித்துத் தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது. ஜெர்மன் எஞ்சின்கள் பலவற்றில் ‘ஓ.டி.’, ஜப்பானிய இருசக்கர வண்டிகளின் சுழற்தட்டில் ‘டி’. குறி என்பது வேறொருவர் ஏற்கெனவே அளந்து எழுதிவைத்த முடிவு. அது எழுதப்பட்ட பொருள் அசையாதவரை உண்மை. சில எஞ்சின்களின் முன்புறப் புல்லி இரண்டு வளையங்களால் ஆனது. இடையில் அதிர்வை வாங்கும் இரப்பர். அந்த இரப்பர் பிடிவிட்டு வெளிவளையம் நழுவினால், குறியும் சேர்ந்து நழுவிவிடும். பார்வைக்குக் குறி தெளிவாகவே இருக்கும், பொய் சொல்லும். அப்போது இருபுறமும் அளந்து நடுவைக் காணும் பிட்டர்களின் முறையைத் தவிர வேறு சாட்சி இல்லை. கல்வெட்டு இடம்பெயர்க்கப்பட்டிருந்தால் அதிலுள்ள ஊர்ப்பெயரை வைத்து ஊரைத் தேடுவது எவ்வளவு சரியோ, நழுவிய புல்லியின் குறியை நம்புவதும் அவ்வளவே சரி.

தமிழில் இதை என்னவென்று எழுதுவது? 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரப் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கியதிலிருந்து இது வகுப்பறைக் கேள்வியும்கூட. சொல்லுக்குச் சொல் வைத்து ‘மேல் இறந்த மையம்’ என்றால் மாணவர் அதை மனனம் செய்வார்; ஏன் இறந்தது என்று கேட்கமாட்டார். அதைவிடச் சிக்கலானது ‘இறத்தல்’ என்ற வினையின் பழம்பொருள். கடத்தல், அப்பாற்செல்லல் என்பதே அது. இலக்கணத்தின் ‘இறந்தகாலம்’ கடந்துபோன காலமேயன்றி மாண்டுபோன காலம் அன்று. அப்பொருளில் ‘இறந்த புள்ளி’ என்பது கடந்த புள்ளி ஆகிவிடும். கடக்க இயலாததால் பெயர்பெற்ற புள்ளிக்கு இதைவிடத் தலைகீழான பெயர் கிடைக்காது. சீனர்கள் இன்றைய பாடநூல் வழக்கில் சாவைக் குறிக்கும் எழுத்தை விடுத்து, நிற்றலைக் குறிக்கும் எழுத்தை வைத்துக்கொண்டனர். ஆனால் ‘நிற்கும் புள்ளி’ என்றால், விசை இருந்தும் பயன்படாத அந்தத் தனித்தன்மை விடுபட்டுப்போகிறது. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்தபின் எழ முயலும்போது காலில் நேர்வதற்கு நம்மிடம் ஒரு சொல் உண்டு: மரத்துப்போதல். கால் சாகவில்லை, குருதி ஓடுகிறது, ஏவினால் மட்டும் எழுவதில்லை. ‘மரத்த புள்ளி’ என்பது கலைச்சொல் அகராதிக்கு ஏறுமா என்பது ஐயமே. ஆலை எஞ்சினருகே கடப்பாரையோடு நின்றவரிடம் அதைச் சொல்லியிருந்தால், எந்தப் புள்ளி என்று அவர் கேட்டிருக்கமாட்டார். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள். தமிழ்வழியில் இயந்திரப் பொறியியல் படித்தவர்கள், தங்கள் வகுப்பில் எந்தச் சொல் புழங்கியது என்பதையும் சேர்த்து எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.